பதினான்கு அடி உயரம்

செம்பூர்ப் பக்கம் ஓர் அரசுக் குடியிருப்பில் நாங்கள் வசிக்கிறோம். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாள் சீத்தா கேம்ப்பைச் சேர்ந்தவர். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. ஒரு மே மாதம், அடுத்தடுத்து மூன்று ஞாயிறுகள் அவர் வேலைக்கு வரவில்லை. மாத முடிவில் மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தோம். எண்ணிப் பார்த்தவர், “எங்க சந்துல ஒரு வீடு கட்டுறோம்மா” என்று மட்டும் சொன்னார்.

கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கும் அவள் மூன்று குழந்தைகளுக்குமான வீடு அது. மழைக்கு முன் சுவர் எழும்பியாக வேண்டும். கொத்தனார் ஒருவருக்கு மட்டுமே கூலி. செங்கல் சுமந்ததும் கலவை குழைத்ததும் அந்தச் சந்துப் பெண்கள்; அவர்களுக்குக் கூலியென்று எதுவும் இல்லை.

எங்களுக்கு வெட்கமாயிற்று. பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதுவும் சிமெண்டுக் கணக்கில் சேர்ந்ததாகப் பின்னர் அறிந்தோம்.

இத்தகைய செய்கை எங்களுக்குப் புதிது, இந்நகருக்குப் புதிதன்று. 1985-இல் உச்ச நீதிமன்றம் நடைபாதைக் குடிசைகளைப் பற்றித் தீர்ப்பளித்தது. உயிர்வாழும் உரிமையில் பிழைப்பும் அடங்கும் என்று சொன்ன அதே தீர்ப்பு, குடிசைகளை அகற்றுவதற்கு மழைக்காலம் கழியும் வரையே தவணை கொடுத்தது. மறு ஆண்டு, பைகுல்லா நடைபாதைப் பெண்கள் ‘மகிளா மிலன்’ என்ற பெயரில் ஒன்றுகூடினர். சிறுகச் சிறுகச் சேமித்தனர். செங்கல் என்ன விலை, சிமெண்டு என்ன விலை என்று விசாரித்து அறிந்தனர். தங்களுக்கு வேண்டிய வீட்டை முழு அளவில் மாதிரியாக நிறுத்தியும் பார்த்தனர். அவர்கள் கேட்ட உயரம் 14 அடி; இடையில் பரண் அமைத்தால் ஓரறை ஈரறையாகும் என்பது கணக்கு. கோப்புகளில் சதுர அடியையே பார்த்துப் பழகிய எங்களுக்கு, வீட்டிற்கு உயரம் என்றும் ஒன்று உண்டு என்பது அதுவரை உறைக்கவில்லை.

அப்பெண்களுக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், ஜோக்கின் அற்புதம். 1976-இல் ஜனதா காலனி இடிக்கப்பட்டு அம்மக்கள் சீத்தா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டபோது, அதை எதிர்த்துப் போராடியவர். 2000-இல் மகசேசே விருது பெற்றார், 2018-இல் மறைந்தார். நம் விழாக்களில் எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். அவரை அழைத்ததாக எங்களுக்கு நினைவில்லை.

நான்காம் ஞாயிறு நாங்களும் சீத்தா கேம்ப் சென்றோம். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. வாயிலிலிருந்து உள்வரை பெண்கள் வரிசையாய் நின்று செங்கலைக் கைமாற்றிக்கொண்டிருந்தனர். நடுவில் எங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அரை மணியில் உள்ளங்கை சிவந்துவிட்டது. எங்களால் வரிசை தடைப்படுவதைக் கண்டு, ஒரு பாட்டி எங்களைத் தேநீர் ஊற்றும் பணிக்கு மாற்றினார். உள்ளே கொத்தனாருக்கும் பெண்களுக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு வரி செங்கல் ஏற்ற வேண்டும், பரணில் பிள்ளைகள் தலை நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இரண்டு வரியும் ஏறின.

மறுநாள் காலை அம்மாள் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். பெருக்கிக்கொண்டிருந்தவர், எங்கள் சமையலறைப் பரணை அண்ணாந்து பார்த்தார்.

“அதுல என்னம்மா வச்சிருக்கீங்க?”

பழைய பெட்டிகள், பத்து வருடத்துப் பத்திரிகைகள், ஓடாத மின்விசிறி ஒன்று.

“நல்ல அகலம்” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தைத் தட்டி வைத்தார்.