மன்ஹாட்டனில் ஓர் அணி தேறிய விதம்

1954, செப்டம்பர் – ஜங்ஷன், டெக்சாஸ்

நொடித்த கல்லூரிக் கால்பந்து அணியை நிமிர்த்த அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பலர் நெடுங்காலம் நம்பியது வதைப் பயிற்சியைத்தான். டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிக்குப் புதிதாக வந்த பேர் பிரையன்ட் வறண்ட ஜங்ஷன் ஊரில் பத்து நாள் முகாம் நடத்தினார். பயிற்சியின்போது தண்ணீர் கிடையாது. பெரும்பாலானோர் பாதியிலேயே ஓடிப்போயினர். ஒருவர் வெப்பத் தாக்கில் சாவின் விளிம்புவரை போய் மீண்டார். அந்தப் பருவத்தின் பத்து ஆட்டங்களில் ஒன்பது தோல்வி. 1956இல் அணி தோல்வியே காணாமல் பட்டம் வென்றபோது புகழெல்லாம் முகாமுக்குப் போனது. இடைப்பட்ட இரண்டு ஆண்டு உழைப்பு அதிகம் பேசப்படவில்லை. அது நியாயமல்ல.

1988, நவம்பர் – மன்ஹாட்டன், கான்சாஸ்

வதைக்கு மாறாகப் பொறுமையை நம்பிய கதை இது. கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் கால்பந்து அணியின் பயிற்சியாளராக 49 வயது பில் ஸ்னைடரை நியமித்தது. முதல்நிலைக் கல்லூரி அணிகளில் 500 தோல்விகளை முதலில் எட்டியது இந்த அணிதான். 1986 அக்டோபருக்குப் பிறகு ஒரு வெற்றியும் இல்லை.

அமெரிக்கக் கால்பந்து பெரும்பாலும் கையில் பந்தோடு ஆடப்படுவது. ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் இரு அணிகளின் முன்வரிசை வீரர்கள் உடலோடு உடல் மோதுகிறார்கள். பள்ளி முடித்து வரும் 18 வயதுப் பையனால் 22 வயது இளைஞனை அங்கே எளிதில் தள்ள முடியாது. தசையும் எலும்பும் தேற எடைப் பயிற்சி, உணவு, தூக்கம், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம் வேண்டும். இதற்காகவே அன்று இருந்தது ‘ரெட்ஷர்ட்’ முறை: வீரர் ஓராண்டு பயிற்சி மட்டும் எடுப்பார், போட்டியில் இறங்கமாட்டார், நான்கு பருவ ஆட்ட உரிமையும் குறையாது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் நல்ல பையனை ஓராண்டு வெளியே உட்காரவைக்கப் பயிற்சியாளருக்கு மனத்திடம் வேண்டும். பொறுமையின் உண்மையான சோதனை அதுவே.

வீரர்களுக்கு ஸ்னைடர் 16 குறிக்கோள்களை வகுத்தார். உறுதியாக இருப்பதும் நாளுக்கு நாள் முன்னேறுவதும் அவற்றுள் அடக்கம். பட்டம் வெல்வது பட்டியலில் இல்லை.

1989, செப்டம்பர் 30

நார்த் டெக்சாஸ் அணியை 20–17 என்று வென்றது கான்சாஸ் ஸ்டேட். வெற்றிப் புள்ளிகள் கடைசி நொடியில் வந்தன. அந்தப் பருவத்தின் ஒரே வெற்றி அது. மற்ற பத்திலும் தோல்வி.

1992

முந்தைய ஆண்டு ஏழு வெற்றி பெற்ற அணி ஐந்துக்கு இறங்கியது. பல கல்லூரிகள் பயிற்சியாளரை மாற்றுவது இத்தகைய சறுக்கலில்தான். கான்சாஸ் ஸ்டேட் மாற்றவில்லை. ஸ்னைடரின் உழைப்புக்குச் சமமாக இந்த முடிவையும் மதிக்கவேண்டும்.

1993, டிசம்பர் 29

காப்பர் பௌலில் வயோமிங் அணியை 52–17 என்று தோற்கடித்தது கான்சாஸ் ஸ்டேட். பருவ இறுதி ‘பௌல்’ ஆட்டத்தில் பல்கலைக்கழகம் கண்ட முதல் வெற்றி.

2003

ஜங்ஷன் முறைக்கு விதிப்புத்தகமே பதில் சொன்ன ஆண்டு. முதல் ஐந்து நாள் உடலை வெயிலுக்குப் பழக்கி, கவசங்களைப் படிப்படியாகவே அணியவேண்டும் என்று கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ கட்டாயமாக்கியது. அதே டிசம்பரில், முதலிடத்தில் இருந்த ஓக்லஹோமாவை 35–7 என்று வீழ்த்தி கான்சாஸ் ஸ்டேட் தன் கூட்டமைப்பான பிக் 12இன் பட்டத்தை வென்றது.

2018

ஸ்னைடர் ஓய்வு பெற்றார். நடுவில் மூன்று பருவம் விலகியிருந்தது போக, அவர் பயிற்சியில் அணி பெற்ற வெற்றிகள் 215.