ஃபிராங்க்ளின் என்னும் குடும்பப் பெயர்

இடைக்கால இங்கிலாந்தில் ‘ஃபிராங்க்ளின்’ என்பது ஆளின் பெயரன்று. ஒரு சமூகப் படிநிலையின் பெயர். சொந்த நிலம் உடையவர், எவருக்கும் பண்ணை அடிமையல்லர், ஆயினும் பிரபு குலத்தவரும் அல்லர்: இத்தகையோரையே அச்சொல் குறித்தது. அதன் வேர், ‘கட்டற்றவன்’ எனப் பொருள்படும் பிற்கால இலத்தீன் ‘ஃபிராங்கஸ்’. அதற்கும் அடியில் கிடப்பது, இன்றைய பிரான்சு நிலப்பகுதியை வென்று ஆண்ட ஃபிராங்க் இனத்தாரின் பெயர். வென்றவருக்கே முழு உரிமை இருந்த மண்ணில், அவ்வினப் பெயரே உரிமையைக் குறிக்கும் சொல்லாயிற்று.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இப்பொருளை நன்கறிந்தவர். எக்டன் என்னும் சிற்றூரில் 300 ஆண்டுகள் வாழ்ந்த தம் முன்னோர், படிநிலைப் பெயரையே குடும்பப் பெயராக ஏற்றிருக்கக்கூடும் எனத் தன்வரலாற்றில் எழுதுகிறார். அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தனர். அவர் நடத்திய இதழில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன. அடிமை முறையை ஒழிக்கக் கோரி அமெரிக்கக் காங்கிரசுக்குச் சென்ற விண்ணப்பத்தில் அவர் கையொப்பமிட்டது 1790இல், அதாவது இறந்த ஆண்டில்தான்.

குடும்பப் பெயரைக் கொண்டு குலம் காண முயல்வோர், டி.என்.ஏ. ஆய்வில் புகழ்பெற்ற ரோசலிண்ட் ஃபிராங்க்ளினிடம் இடறி விழுவர். பிரஸ்லாவிலிருந்து இலண்டன் வந்த அவருடைய யூத முன்னோரின் பெயர் ஃபிரெங்கல்; ஆங்கிலச் சூழலுக்கேற்ப அது உருமாறியது. (அதுவும் ஃபிராங்க் இனப் பெயரிலிருந்தே கிளைத்தது என்பது மொழி வரலாற்றின் குறும்பு.) பாடகி அரேத்தா ஃபிராங்க்ளினின் தந்தையோ பிறப்பால் வாக்கர், ஃபிராங்க்ளின் என்பது அவருடைய மாற்றாந்தந்தை வழி வந்த பெயர்.

அப்பெயரின் பொருள் மிகக் கூர்மையாக உறுத்துவது வரலாற்றாசிரியர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளினிடத்தில். அவருடைய தாத்தா அடிமையாகப் பிறந்தவர். பேரன் 1947இல் எழுதிய ‘அடிமைத்தனத்திலிருந்து விடுதலைக்கு’ என்ற நூல், அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றைப் பல்கலைக்கழகப் பாடமாக நிலைநிறுத்தியது. 1995இல் அவருக்கு அதிபரின் விடுதலைப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. விழாவுக்கு முந்தைய இரவு, தாம் உறுப்பினராக இருந்த வாஷிங்டன் மன்றமொன்றில் நண்பர்களுக்கு விருந்தளித்துக்கொண்டிருந்தார். வெள்ளையினப் பெண்ணொருத்தி அவரிடம் சீட்டை நீட்டித் தன் மேலங்கியை எடுத்துவரப் பணித்தாள். சீருடை அணிந்த பணியாளரிடம் கொடுத்தால் மேலங்கி கிடைக்கும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அங்கிருந்த பணியாளர் அனைவரும் சீருடையில் இருந்தனர்.