காணும் நகரும் வாழும் நகரும்

கனடா, பரப்பளவில் உலகின் இரண்டாவது பெரிய நாடு. ஆயினும் அதன் மக்களுள் பெரும்பாலோர் தெற்கெல்லையை ஒட்டிய குறுகிய நிலப்பட்டை ஒன்றிலேயே வாழ்கின்றனர். நிலம் கடல்போல் விரிந்து கிடக்க, மக்கள் மட்டும் ஏன் இவ்வாறு நெருங்கி உறைகின்றனர்? குளிரே முதற்காரணம். ஆதலின், அந்நாட்டு நகரங்களுள் எது சிறந்தது என்று வினவுவோரிடம், "காண்பதற்கா, வாழ்வதற்கா?" என்று திருப்பிக் கேட்டல் வேண்டும். கோடையில் பத்து நாள் தங்குவோனுக்கு ஏற்றது ஒரு நகரம்; நெடும்பனிக் காலத்தைத் தாங்கிக் குடும்பம் நடத்துவோனுக்கு ஏற்றது மற்றொரு நகரம்.

காண்பதற்கு என்றால், கியூபெக் நகரையே முதலிற் கூறுவேன். 1608ஆம் ஆண்டில் சாம்ப்ளேன் என்னும் பிரெஞ்சுக்காரர் நிறுவிய நகரம் அது. செயின்ட் லாரன்ஸ் என்னும் பேராறு அவ்விடத்தில் குறுகிச் செல்கிறது. 'ஆறு குறுகும் இடம்' என்பதே கியூபெக் என்னும் பழங்குடியினர் சொல்லின் பொருள். ஆற்றோரத்தே கீழூர், செங்குத்தான பாறையின்மேல் மேலூர், மேலூரைச் சூழ்ந்து கல்மதில். மெக்சிகோவுக்கு வடக்கே, மதில் அழியாது நிற்கும் நகரம் இஃது ஒன்றே. அங்கே ஒரு கடைக்காரரிடம், "இத்தகைய ஊரில் வாழ நீங்கள் கொடுத்து வைத்தவர்" என்றேன். அவர் நகைத்து, "பகலில் இங்கே விற்கிறேன், இரவில் ஆற்றுக்கு அப்பால் உறங்குகிறேன்" என்றார்.

மேற்குக் கடற்கரையில் உள்ள வான்கூவர் கண்ணுக்கு இனிய மற்றொரு நகரம். ஒருபுறம் கடல், மறுபுறம் பனி மூடிய மலை, இடையே, 1888இல் திறக்கப்பெற்ற ஸ்டான்லி பூங்கா ஏறத்தாழ 1,000 ஏக்கர்ப் பரப்பில் காடாகவே நிற்கிறது. பிற நகரங்கள் உறைந்து கிடக்கும்போது இங்கே மழைதான் பெய்கிறது. ஆனால் அம்மழை வாரக்கணக்கில் விடுவதில்லை. ஞாயிற்றின் முகம் காண்பதே அரிதாகிவிடுகிறது. வீட்டின் விலையோ நாட்டிலேயே மிக உயர்ந்த விலைகளுள் ஒன்று. அத்துறைமுகத்தில் நின்றபோது என் நெஞ்சு வேறொன்றை நினைந்தது. 1914ஆம் ஆண்டில் கோமகட்டா மாரு என்னும் கப்பல் 376 இந்தியருடன் அங்கே வந்தது. இரண்டு மாதம் நங்கூரமிட்டு நின்றும், மிகச் சிலரே கரையேற விடப்பட்டனர்; ஏனையோர் திருப்பி அனுப்பப்பட்டனர். அச்செயலுக்காகக் கனடாவின் தலைமை அமைச்சர் 2016இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்நீரை வெறும் அழகாக மட்டும் காண என்னால் இயலவில்லை.

தலைநகரான ஒட்டாவாவில் 1832இல் திறக்கப்பட்ட ரீடோ கால்வாய் உண்டு. குளிர்காலத்தில் அஃது உறைந்ததும், 7.8 கிலோமீட்டர் தொலைவுக்கு மக்கள் அதன்மேல் சறுக்கிச் செல்வர். அலுவலகத்திற்கும் அவ்வழியே செல்வாருண்டு. 2022–23ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பனிக்கட்டி போதிய தடிப்பு அடையாமையால், அச்சறுக்குப் பாதை திறக்கப்படவே இல்லை. வேறு எதற்காகவும் ஒட்டாவாவில் நான் நெடிது தங்கவில்லை.

மாண்ட்ரியால் நகரில் காண்போனும் வாழ்வோனும் ஓரளவு உடன்படுகின்றனர். நடுவே ஒரு மலை. அம்மலையை மறைக்குமாறு கட்டடம் எழுப்ப அங்கே இசைவு இல்லை. 1966இல் தொடங்கிய நிலத்தடி இரயில், ரப்பர்ச் சக்கரங்களில் ஓடுகிறது. பழைய வீடுகளுக்கு மாடிப்படி வெளியே, தெருப்பக்கமாக வளைந்து இறங்குகிறது. கோடையில் அப்படிகளில் அமர்ந்து அண்டை அயலார் உரையாடுவர். பனிக்காலத்தில் அவற்றில் இறங்குவது கழைக்கூத்துக்கு ஒப்பாகும். வாடகை ஒப்பந்தங்களுட் பல சூன் 30இல் முடிவதால், சூலை முதல் நாளில் நகரத்தில் பாதி வீடு மாறுகிறதோ என்று எண்ணும்படி தெருவெல்லாம் கட்டிலும் மேசையும் ஊர்வலம் போகின்றன. ஒன்று மட்டும் நினைவிற் கொள்ளத்தக்கது: 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அங்குக் குடியேறுவோரின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சு வழியிலேயே பயில வேண்டும். தம் மொழியைக் காக்க ஒரு மக்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. அதனை நான் குறைகூற மாட்டேன்.

டொராண்டோவில் என் தங்கையின் மகள் செவிலியராகப் பணிபுரிகிறாள். 553 மீட்டர் உயர்ந்து நிற்கும் சி.என். கோபுரத்தைக் காண அங்கே பலர் வருகின்றனர். நான் பெரிதும் மதித்தது அந்நகரின் நூலகங்களை. அங்கே நூறு கிளைகள் உள்ளன. தமிழ் நூல்களும் கிடைக்கின்றன. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அந்நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வேற்று நாட்டிற் பிறந்தவர்கள். 1983க்குப் பின் இலங்கைப் போரினால் பெயர்ந்து வந்த தமிழர் பல்லாயிரவர் ஸ்கார்பரோ பகுதியில் வேரூன்றினர். அங்கே கடைப்பலகைகளில் தமிழ் எழுத்தைக் காணலாம். ஆயினும் வாடகை? தங்கை மகளின் வருவாயிற் பாதியை அதுவே விழுங்கியது. "மாமா, இங்கே இருந்தால் பிள்ளைகளுக்குத் தமிழ் இருக்கும், வீடு இராது. வினிப்பெக் போனால் வீடு இருக்கும். பேசத் தமிழர் சிலரே இருப்பர். நான் எதை விடட்டும்?" என்றாள். இதற்கு என்ன விடை சொல்வது? அவ்வூரைப் பார்த்து வருகிறேன் என்று புறப்பட்டேன்.

வினிப்பெக், சமவெளியின் நடுவே இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் அமைந்த நகரம். சனவரி இரவுகளில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்குவது அங்கு வழக்கம். காரின் எந்திரம் உறைந்துபோகாதிருக்க, அதனை மின்கம்பியால் இணைத்துச் சூடாக்கி வைக்கின்றனர். ஆனால் வானம் தெளிந்து, வெயில் பனியின்மேல் கண் கூசுமாறு ஒளிர்கிறது. 1950இல் ஆறு பெருகி நகரைப் பாழாக்கியது. அந்நகரத்தார் அதனை விதியென்று விட்டுவிடவில்லை. 1962 முதல் 1968 வரை அரசு நகரைச் சுற்றி 47 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ள வாய்க்கால் ஒன்றை வெட்டியது. வீண்செலவு என்று எள்ளியோர் பலர். 1997இல் வந்த பெருவெள்ளம் அவ்வாய்க்காலின் வழியே நகரை விட்டு விலகிப் போயிற்று. கரையில் புல் படர்ந்த அந்த அகன்ற பள்ளத்தைக் காண எந்தப் பயணியும் அங்கு வரவில்லை; நான் ஒருவனே நின்றிருந்தேன்.

திரும்பி வந்து கண்டதைச் சொன்னேன். எதைத் தேர்வது என்று சொல்லவில்லை. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அவர்கள் வினிப்பெக் சென்றனர். தோட்டத்துடன் கூடிய சிறு வீடு ஒன்றில் இருக்கின்றனர். ஞாயிறுதோறும் தொலைபேசியில் மூத்தவளுக்கு நான் தமிழ்ப் பாடம் சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் அவள், "தாத்தா, எங்கள் காருக்கு வால் இருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டாள்.