விதுரர் சொல்லி அனுப்பிய வழி

வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளை ஒட்டுக்கேட்பதில் எனக்கு ஒரு ருசி. வாசல் கிழக்கா, அடுப்படி அக்கினி மூலையில் வருகிறதா, தண்ணீர் உப்பா, காருக்கு இடம் உண்டா. அக்கினிக்கு மூலை தேடுகிற மனிதர், அக்கினி அந்த மூலையை விட்டுக் கிளம்பினால் நாங்கள் எப்படிக் கிளம்புவது என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

பழைய ஓட்டு வீடுகளில் இந்தக் கேள்விக்கு அவசியமில்லை. தெருவில் நின்றால் ரேழி, முற்றம் எல்லாம் தாண்டிக் கொல்லைக் கிணறு வரை தெரியும். எந்தப் பக்கம் பற்றினாலும் மறுபக்கம் ஓடலாம். புகை முற்றத்து வழியாக மேலே போய்விடும். அடுக்குமாடியிலோ ஒரே கதவு. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. திருடனுக்குப் பயந்து நாம் போட்ட கம்பி, நம்மையும் வெளியே விடாது. ஒரு ஜன்னலிலாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி கீல் வைத்துக் கொடுக்கச் சொன்னால் வெல்டிங் பட்டறைக்காரர் செய்து தருவார். நாம் சொல்வதில்லை.

குடும்பத்தோடு தீயிலிருந்து தப்புவதற்குத் திட்டம் போட்ட கதை மகாபாரதத்திலேயே இருக்கிறது. வாரணாவதத்துக்குப் பாண்டவர்கள் புறப்படும்போது, ஊரே கூடி நிற்க, விதுரர் தர்மரிடம் பூடகமாகப் பேசுகிறார். காட்டையே தின்னும் தீ, வளைக்குள் இருக்கும் பிராணியைத் தொடாது. முள்ளம்பன்றி வளைபோல இருப்பிடத்துக்குப் பல வழி வேண்டும். சுற்றித் திரிந்தவனுக்குத்தான் பாதை தெரியும், நட்சத்திரம் பார்த்தால் திசை தெரியும். பேச்சின் சாரம் இவ்வளவுதான். கூட்டத்துக்கு விளங்கவில்லை, குந்திக்கும் விளங்கவில்லை. அவள் கேட்கிறாள், தர்மர் அப்போதே பிரித்துச் சொல்லிவிடுகிறார். அம்மாவை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று மறைக்கவில்லை பாருங்கள், அங்கேதான் அவர் தர்மர்.

பிறகு விதுரர் அனுப்பிய ஆள் வந்து, அவர்களை எரிக்கவென்றே அங்கே கட்டிய அரக்கு மாளிகையின் நடுவில் சுரங்கம் தோண்டுகிறான். வாய்க்குப் பலகை போட்டுத் தரையோடு தரையாக மூடிவிடுகிறான். பாண்டவர்கள் வேட்டை என்ற சாக்கில் பகலெல்லாம் காட்டில் அலைந்து வழிகளைப் பழகிக்கொள்கிறார்கள். இதைவிட ஒழுங்கான ஒத்திகை ஏது? தீ வைத்த ராத்திரி தாயைத் தோளிலும் தம்பிகளை இடுப்பிலுமாகத் தூக்கிக்கொண்டு பீமன் நடக்கிறான். நம் வீட்டில் பாட்டியை யார் தூக்குவது? கைக்குழந்தையை யார் எடுப்பது? ‘அந்த நேரத்துக்கு யாராவது’ என்பதுதான் வழக்கமான பதில். அந்த யாராவது யார்?

அதே கதையில் என்னால் சமாதானமாக முடியாத இடம் ஒன்று உண்டு. அன்று விருந்துக்கு வந்த வேடுவப் பெண்ணும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும் குடித்துவிட்டு அங்கேயே தூங்கிப்போனார்கள். எரிந்த ஆறு உடல்களைப் பார்த்து, பாண்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஊர் நம்பியது. கதைக்கு அது வசதி. ஆனால் சுரங்கம் அந்தப் பெண்ணின் காலடியிலேயே இருந்தது. அவளிடம் யாரும் சொல்லவில்லை.

நம் வீட்டிலும் விருந்தாளி படுப்பதுண்டு. கல்யாணத்துக்கு வந்த அத்தை, மகனின் சிநேகிதன், தாத்தாவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். ராத்திரி பூட்டிய இரும்பு கேட்டின் சாவி எங்கே இருக்கும் என்று இவர்களுக்குத் தெரியுமா? பல வீடுகளில் அது ஃப்ரிட்ஜ் மேலே, கரண்ட் பில்லுக்கும் தைலப் புட்டிக்கும் நடுவே ஏதோ ஒரு கிண்ணத்தில் கிடக்கும். கரண்ட் போய், புகையும் சூழ்ந்துவிட்டால் வீட்டுக்காரருக்கே கை எட்டாது. தீயைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது. அது மேலே நிற்கும் என்பதால் தவழ்ந்துதான் போக வேண்டும். தவழ்கிற ஆள் ஃப்ரிட்ஜ் உச்சியை எப்படித் துழாவுவது? சாவிக்குக் கதவோரம், திருடன் கைக்கு எட்டாமல், முழங்கால் உயரத்தில் ஓர் ஆணி போதும்.

மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது, சுட்டால் திறக்காமல் இடுக்கில் ஈரத்துணி அடைப்பது, லிஃப்டை மறந்துவிட்டுப் படியில் இறங்குவது, கீழே எல்லாரும் ஒரே இடத்தில் நின்று தலை எண்ணுவது, 101-க்கோ 112-க்கோ போன் போடுவது எல்லாம் ஒரு சாயங்காலக் காபி நேரத்தில் பேசி முடிக்கிற சமாசாரம்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு கீசர் ஸ்விட்ச் எது என்று காட்டுகிறோமே, அப்படியே அந்தச் சாவி ஆணியையும் மாடிப்படியையும் காட்டிவிடுங்கள்.