மத்தளயிலிருந்து பலாலிக்கு, பெரகல வழியாக

தெற்கே மத்தள விமான நிலையத்துக்கும் வடக்கே யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏடிஆர் மாதிரிச் சின்ன விமானம் நேராகப் பறந்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அப்படி வழக்கமாகப் பறக்கிற ஒன்றை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது கீழே கிடக்கிற வழிதான்.

மத்தளயிலிருந்து வெல்லவாய வரை ஏ2 வீதி: வெயில், யானைவேலி, தூக்கம். வெல்லவாயவில் ஏ4க்குத் திரும்பியதும் குளிர் ஏறத் தொடங்கும். 220 மீட்டர் தியலும அருவி, கொஸ்லந்தை, முடக்குக்கு மேல் முடக்கு, பிறகு பெரகல சந்தி. இந்தத் துண்டில்தான் வளர்ந்தேன். வானம் வெளுத்த நாளில் இங்கிருந்து பார்த்தால் தென்கடல் வரை நாடு விரிந்து கிடக்கும்.

கதிர்காமத்து ஆடிவேலுக்குத் தேயிலைத் தோட்டத்து லொறி இந்த முடக்குகளில்தான் இறங்கும். கொழுந்து ஏற்றுகிற லொறி. கழுவி, படங்கு கட்டி, கட்டுச்சோற்றுப் பானையோடு நாங்கள் ஏறுவோம். அம்மாயி முந்தானையில் தேசிக்காய் முடிந்திருப்பார். கொஸ்லந்தை தாண்டுமுன் பிள்ளைகள் பாதிப்பேர் வாந்தி எடுத்திருப்போம். வெல்லவாயவில் கம்பளிச்சட்டையைக் கழற்றுவோம், அரோகரா சத்தம் கூடும்.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கைக் கரையில் ஒரு பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பலாலிக்குக் கிழக்கே, தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக ஒன்றரை மாதம் நடந்தே வந்தவர். "எங்க பிள்ளை ஊர்?" என்றார். பெரகல என்றேன். அவருக்குத் தெரியவில்லை. "அவுங்க காலப் பாரு" என்றார் அம்மாயி. பாளம் பாளமாக வெடித்த பாதம். மத்தளயில் அப்போது ஓடுபாதை இல்லை. இருந்தாலும் அவர் நடந்துதான் வந்திருப்பார்.

ஐப்பசி மழையில் இதே வீதி வேறு. பெரகலவுக்கும் கொஸ்லந்தைக்கும் நடுவே மண் இறங்கிவிடும். ஒருமுறை பஸ்ஸை விட்டிறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் சரிவைக் கடந்து அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறினோம். நடத்துநர் மறுபடியும் டிக்கட் கேட்டார்.

மத்தள 2013 மார்ச் 18இல் திறந்தது. 19 மாதம் கழித்து, 2014 அக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்த லயங்களை மலை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரித்தவர்கள் சரி. ஆனால் சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாதவர்களை எழும்பிப் போ என்றால் எங்கே போவார்கள்? வெறிச்சோடிய மத்தள விமான நிலையத்தில் நெல் மூட்டை அடுக்கியதைச் சொல்லிச் சொல்லி நாடு சிரித்தது. ஆளில்லாத இடத்தில் கட்டடம் இருந்தது, ஆளிருந்த மலையில் இல்லை என்பதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரகலவுக்கு மேல் அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, நுவரெலியா, கண்டி. அங்கிருந்து ஏ9, அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. முடிவில் பலாலி: 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, சுற்றிலும் ஊரை விட்டுப் போனவர்களின் காணி.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வழியாக வந்தால் பெரகல சந்தியில் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். கொஸ்லந்தைப் பக்கம் பாதை திறந்திருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.