கடலில் ஏழு மணிக்கு ஒரு வீடியோ கால்

சிங்கப்பூர் ரயிலின் சிவப்புத் தடத்தில் கடைசி நிறுத்தம் மரினா சவுத் பியர். படியேறி வெளியே வந்ததுமே கப்பல் தெரிந்தது. கப்பல் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்ட மாதிரி இருந்தது. கப்பல் முனையத்துக்குப் பத்து நிமிட நடை. பெட்டியை உருட்டிக்கொண்டே மாமா கேட்டார்: "மாப்ளே, ஏழு மணிக்குப் பாப்பாகிட்ட பேசிரலாம்ல?"

பாப்பா என்பது திருநெல்வேலியில் இருக்கும் பேத்தி. பள்ளிவிட்டு வந்து நாலரைக்குத் தாத்தாவிடம் பேசியாக வேண்டும். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால் இங்கே அது ஏழு மணி. நான்கு இரவுப் பயணம்: சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், திரும்ப சிங்கப்பூர். அதில் நான்கு ஏழு மணிகள்.

சென்னையில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், "கப்பல் நெட் பேக் போட்டுருங்க சார், கரையை விட்டா டவரே கிடைக்காது" என்றார். முன்கூட்டி வாங்கினால் ஒரு போனுக்கு ஒரு நாள் 20 அமெரிக்க டாலர். நான்கு நாள், இரண்டு போன் என்றால் 160 டாலர். ஏறக்குறைய 14,000 ரூபாய். ஒரு குழந்தையிடம் நாலு முறை பேச இவ்வளவா என்று மனம் ஒப்பவில்லை. வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். மலாக்கா நீரிணை ஒன்றும் நடுக்கடல் இல்லை. ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்ரா. கரைக்கும் கப்பலுக்கும் இடையில் அப்படி என்ன தூரம் வந்துவிடப் போகிறது? சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் சேர்த்து ஓர் இ-சிம் 1,100 ரூபாய்க்கு வாங்கி என் போனில் ஏற்றிக்கொண்டேன். மாமாவுடைய போன் பழசு, இ-சிம் ஏற்காது. அவருக்கு என் ஹாட்ஸ்பாட். எங்கே எத்தனை கோடு சிக்னல் என்று குறிக்கப் பாக்கெட்டில் ஒரு சிறு நோட்டும் வைத்துக்கொண்டேன்.

ஏறியதும் ஐந்தாம் தளத்தில் இணையத்துக்கென்றே தனி மேசை இருந்தது. வரிசையில் பதினோரு பேர். அங்கே நின்ற இளைஞரும் அதையேதான் சொன்னார்: துறைமுகம் தாண்டினால் சிக்னல் இருக்காது. கப்பலில் ஏறிய பிறகு வாங்குவதால் 24 மணி நேரத்துக்கு 27 டாலராம். கப்பலுக்குள் இருக்கும் வைஃபையும் அவர்களுடைய செயலியும் இலவசம். சாப்பாட்டு நேரம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் அதில் வரும். வெளியுலகம் வேண்டுமென்றால்தான் காசு. யோசித்துச் சொல்கிறேன் என்று நகர்ந்தேன்.

ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பியது. மாமாவின் போனை ஃபிளைட் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்துவைத்தேன். என் போனில் 'தானாகத் தேர்வு செய்' என்பதை அணைத்துவிட்டு நெட்வொர்க் பட்டியலைக் கையால் திறந்தேன். பட்டியலே ஒரு வேடிக்கை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மூன்றிலக்க எண் உண்டு. நம் ஊருக்கு 404, 405. சிங்கப்பூர் 525, மலேசியா 502, தாய்லாந்து 520. இடப்பக்கம் பாத்தாம் தீவு தெரிய ஆரம்பித்ததும் 510 எட்டிப் பார்த்தது; அது இந்தோனேசியா. என் இ-சிம்மில் இந்தோனேசியா கிடையாது. தானாகத் தேர்வு செய்ய விட்டிருந்தால் போன் அங்கே போய் ஒட்டிக்கொண்டு, நெட் இல்லை என்று முழித்துக்கொண்டிருக்கும். சிங்கப்பூரையே பிடித்துவைத்தேன்.

ஆறே முக்காலுக்கு மாமாவை மேல்தளத்துக்குக் கூட்டிப்போனேன். கேபினுக்குள் ஒரு கோடுகூட இல்லை, சுற்றிலும் இரும்பு. பதினாலாம் தளத்தில் கம்பியோரம் வந்து நின்றதும் மூன்று கோடு ஏறியது. வலப்பக்கம் துவாஸ் பகுதியின் பளுதூக்கிகள் வரிசையாக நின்றன. ஏழு மணிக்குப் பாப்பா திரையில் வந்தாள். காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை, ஆனால் படம் அறுபடவில்லை. முதல் ஏழு மணி கூடுதல் செலவில்லாமல் முடிந்தது.

அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை, நோட்டுதான் காரணம். ஒன்பது மணிக்கு மலேசியா இரண்டு கோடு. பதினொன்றரைக்கு, மலாக்கா நகரத்தின் வெளிச்சம் அடிவானத்தில் மஞ்சளாகக் கசிந்தபோது மூன்று கோடு. வேலை பார்க்கும் இடத்திலிருந்து வந்த ஒரு கோப்பைப் பதிவிறக்கி, திருத்தித் திருப்பி அனுப்பினேன். மேல்தளத்தில் யாருமில்லை, நீச்சல் குளத்து நீர் மட்டும் கப்பலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. நீரிணையில் கப்பல்களுக்குச் சாலை மாதிரி தடம் பிரித்திருக்கிறார்கள். எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும். வடமேற்கே போகும்போது வலப்பக்கம் மலேசியக் கரை. அதனால் போகிற கப்பல் கரையை ஒட்டிப் போகிறது. கரைக் கோபுரமும் உயரம், நாம் நிற்கும் தளமும் உயரம். பிறகு எப்படிச் சிக்னல் போகும்?

போகத்தான் செய்தது, ஆனால் அவர்கள் சொன்ன இடத்தில் இல்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தபோது ஒன்றுமில்லை. கிள்ளான் துறைமுகத்தைத் தாண்டியதும் நீரிணை அகன்றுவிடுகிறது. பட்டியலில் ஒரே ஒரு வரிதான்: 901 என்று தொடங்கும் எண். 901 எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. கப்பலுக்குள்ளேயே வைத்திருக்கும் சிறு செல்பேசிக் கோபுரம் அது. செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசுகிறது. வழக்கமாகக் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர், தாண்டிய பிறகுதான் இதைத் திறப்பார்கள்.

இதில் ஒருவர் மாட்டிக்கொண்டதைக் காலைச் சாப்பாட்டு மேசையில் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரர், போஸ்ட்பெய்டு இணைப்பு. இரவு போனை அப்படியே தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருக்கிறார். வெளிநாட்டு ரோமிங் பேக் போட்டிருந்த தைரியம். அந்தப் பேக்குகள் பொதுவாக நாடுகளுக்குத்தான். கப்பல் எந்த நாட்டுக் கணக்கிலும் வராது. போன் 901-இல் ஒட்டிக்கொண்டு, புகைப்படங்களைத் தானாக மேலேற்றியிருக்கிறது. விடிந்தபோது நாலாயிரத்துச் சொச்சம் என்று குறுஞ்செய்தி. "தூங்குனதுக்குப் பில்லுங்க" என்றார். இட்லி என்ற பெயரில் வைத்திருந்த வெள்ளை வட்டத்தை அவர் அதற்குமேல் தொடவில்லை.

பதினொன்று இருபதுக்கு மலேசியா மறுபடி ஒரு கோடாக வந்தது. இரண்டரைக்குப் பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கட்டியது.

இறங்கியதும் பயணிகள் எல்லோரும் வண்டி பிடிக்க ஓடினார்கள். கப்பல் ஊழியர்கள் ஓடவில்லை. முனையத்தின் வெளித்திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு போனைத் திறந்துகொண்டார்கள். கடலில் இணையம் எங்கே மலிவு என்று இவர்களைவிட யாருக்குத் தெரியும்? அதில் ஒரு தம்பி தமிழில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழ, அருகில் போய் நின்றேன். தூத்துக்குடி. சமையல்கட்டில் வேலை. "எங்களுக்குக் கொஞ்சம் கொறைச்சுத் தாராங்கண்ணே. ஆனாலும் கப்பல் நெட்டுல வீடியோ பாத்தா சம்பளம் கரைஞ்சிரும். எழுத்துல மெசேஜ் கடல்ல, பேச்சு கரையில." இந்தப் பையில் மலேசியா, அந்தப் பையில் தாய்லாந்து என்று இரண்டு சிம் எடுத்துக் காட்டினார். மாலுமிகளுக்கு இயன்றவரை இணைய வசதி தர வேண்டும், கட்டணம் வாங்கினாலும் அது நியாயமாக இருக்க வேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் சேர்த்த திருத்தம் 2024 டிசம்பர் 23 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதைச் சொன்னேன். "கேள்விப்பட்டேண்ணே" என்று சொல்லிவிட்டு அம்மாவோடு பேசப் போய்விட்டார்.

மணிக்கூண்டைக் கடந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தோம். மாமாவின் நடைக்கே கால் மணி நேரம்தான். பாசார் தெருவில் பாட்டுக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் செல்போன் கடை. கல்லாவில் இருந்த பெண், "அங்கிள், பாஸ்போர்ட் இருக்கா? பாஸ்போர்ட் இல்லாம சிம் தர முடியாதுலா" என்றார். மாமாவுக்குத் தனி சிம் வேண்டுமாம். என்னிடம் ஹாட்ஸ்பாட் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது. பத்து வெள்ளி. இங்கே ரிங்கிட்டையும் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நம் காசில் 200 ரூபாய்க்குச் சற்று மேல். ஏழு மணிக்கு ஒட்டுக்கடையில் தே தாரிக்கை உறிஞ்சியபடி மாமா சொந்தக் காசில் பேத்தியிடம் பேசினார். அந்தக் குரலில் இருந்த மிடுக்கு முந்தைய நாள் இல்லை.

மூன்றாம் நாள் புக்கெட். பாத்தோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நங்கூரமிட்டது; சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். படகுக்குக்கூட அவசியமில்லை, நின்ற இடத்திலேயே தாய்லாந்துச் சிக்னல் நிறைந்து கிடந்தது. மாமாவின் மலேசிய சிம் மட்டும் அங்கே ஊமை. மறுபடி என் ஹாட்ஸ்பாட். அன்று செய்த உருப்படியான வேலை ஒன்றுதான்: மாதக் கடைசியில் கட்ட வேண்டிய இரண்டு கட்டணங்களைக் கரைச் சிக்னல் இருக்கும்போதே கட்டி முடித்தேன். கப்பல் வைஃபையில் வங்கியின் செயலி திறக்கும், ஆனால் ஓடிபி குறுஞ்செய்தியாக வர வேண்டும். குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கோபுரம் வேண்டும். கடலில் இருக்கும் ஒரே கோபுரம் அந்த 901.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். பத்து மணிக்கு நோட்டில் பூஜ்யம். நாலாம் நாள் முழுக்கக் கடல்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஐந்தாம் தளத்து மேசைக்குப் போனேன். வரிசையே இல்லை, எல்லோரும் முதல் நாளே வாங்கிவிட்டார்கள். 27 டாலர், ஒரு போன், 24 மணி நேரம். ஏறக்குறைய 2,400 ரூபாய். இதை முந்தைய இரவே வாங்கியிருந்தால் பத்து மணி நேரம் தூக்கத்தில் போயிருக்கும். வெளியேறி வைத்தாலும் இந்தக் கணக்கு நிற்பதில்லை. ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் மறுநாள் காலை சிங்கப்பூர் வந்து சேரும்வரை ஓடும். ஒரே நேரத்தில் ஒரு போன்தான். ஆனால் ஒன்றிலிருந்து வெளியேறி இன்னொன்றில் நுழையலாம். கேட்ட பிறகுதான் மேசையில் இருந்தவர் இதைச் சொன்னார்.

வேகம் நிஜமாகவே நன்றாக இருந்தது. அண்ணாந்து பார்த்தால் காரணம் தெரிந்தது. புகைபோக்கிக்குப் பக்கத்தில் பூசணிக்காய் மாதிரி பெரிய வெள்ளைக் குமிழ்கள் இருந்தன. உள்ளே திரும்பும் ஆன்டெனா. சற்றுத் தள்ளித் தட்டையான பலகைகள். பழைய முறைச் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. கேள்வி மேலே போய்ப் பதில் கீழே வருவதற்குள் அரை வினாடிக்கு மேல் ஆகிவிடும், "ஹலோ" சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தத் தட்டைப் பலகைகள் பேசும் ஸ்டார்லிங்க் போன்ற புதிய செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. 2022-க்குப் பிறகு பெரிய சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இதற்கு மாறின. நான் சோதித்துப் பார்த்த அளவில் இந்தத் தாமதம் பகலில் 60 மில்லி வினாடிக்குள் நின்றது. இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் போனோடு படுக்கும் நேரத்தில் இரண்டு மடங்கானது.

ஏழு மணிக்குச் சற்று முன் என் போனிலிருந்து வெளியேறினேன். மாமாவின் போனில் நுழைய மூன்று நிமிடம் பிடித்தது; கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். "பிள்ள காத்துக்கிட்டிருப்பாடா" என்று தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஏழு மூன்றுக்குத் திரை தெளிந்தது. "தாத்தா, கப்பலக் காட்டுங்க" என்றாள் பாப்பா. கப்பலுக்குள் நின்றுகொண்டு கப்பலைக் காட்டுவது எப்படி? மாமா போனைக் கடல் பக்கம் திருப்பினார். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தொலைவில் ஒரு சரக்குக் கப்பல். "அதுவா?" என்றாள். "ஆமா, அதேதான்" என்றார் மாமா கூசாமல்.

பேசி முடித்ததும் மலேசிய சிம்மைத் திறந்து பார்த்தேன். கிள்ளானுக்கு நேராக வந்திருக்க வேண்டும். ஒரு கோடு வந்தது, போனது. திரும்பும் தடம் சுமத்ரா பக்கம் தள்ளி இருக்கிறது. போகும்போது கிடைத்தது வரும்போது கிடைக்கவில்லை.

மொத்தச் செலவு: இ-சிம் 1,100, மாமாவின் சிம் 200 சொச்சம், கப்பல் நெட் 2,400. எல்லாம் சேர்த்துச் சுமார் 3,700 ரூபாய். நான்கு ஏழு மணியும் தவறவில்லை. இதே வழியில் வடக்கே போகிறவர்கள், அறை பதிவு செய்யும்போது கப்பலின் வலப்பக்கம் பால்கனி உள்ளதாகக் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது இடப்பக்கம். இரவெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கியதுதான் மிச்சம்.