கரண்ட் போன அடுப்படி

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கேரளத்துக் குமுளியில் ஆனி பிறந்துவிட்டால் கரண்டை நம்பி எந்த வேலையையும் தொடங்க முடியாது. கிராண்டிஸ் யூகலிப்டஸ் மரம் ஒன்று கம்பியின் மேல் சாய்ந்தால் போதும், ஊரே இருட்டு. மின்வாரியத்து ஆட்கள் கொட்டுகிற மழையில் ஏலத்தோட்டத்துக்குள் இறங்கி, எங்கே அறுந்தது என்று தேடிப்பிடிக்க வேண்டும். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வேடிக்கை என்னவென்றால், கரண்டுக்கான தண்ணீர் எங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. 1895-இல் திறந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் போய், நான்கு பெரிய குழாய்களில் கீழே லோயர்கேம்புக்கு இறங்குகிறது. அங்கே தமிழ்நாட்டின் மின்நிலையம். இந்தப் பக்கம் மூலமற்றம் மின்நிலையம், 1976 முதல் கேரளத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் அரிக்கேன் லைட்டுக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

சின்ன வயதில் இருட்டு பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை. வீட்டில் அணைந்துபோக இருந்தது ஒரு பல்பும் ரேடியோவும்தான். அம்மா சமைத்தது விறகடுப்பில். கவாத்து செய்த காப்பிக் கம்புதான் விறகு, நின்று எரியும். மழைக்காலத்தில் அதையும் அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கிக் காயவைக்க வேண்டும். பள்ளிக்கூடச் சட்டையும் அதே சூட்டில்தான் கொடியில் தொங்கும். வகுப்பில் எல்லோர் மேலும் ஒரே புகை வாசனை என்பதால் யாரும் யாரையும் கேலி செய்ததில்லை.

இட்லி அப்போது தீபாவளி, பொங்கலுக்கு மட்டும். முதல் நாள் மத்தியானமே அரிசியும் உளுந்தும் ஊறும். அம்மா ஆட்டுரல் முன்னால் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, வலது கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே இடது கையால் மாவைக் குழிக்குள் தள்ளுவாள். நடுவில் உளுந்து மாவில் ஒரு துளியைக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுவாள். மிதந்தால் சரி. முங்கினால் இன்னும் ஆட்ட வேண்டும். எத்தனை தடவை முங்கினாலும் முகம் மாறாது, தோள்பட்டையை மட்டும் ஒரு தரம் உருட்டிக்கொள்வாள். கரைத்த மாவு இந்தக் குளிருக்கு லேசில் பொங்காது. பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி அடுப்போரம் வைத்துவிட்டுப் படுப்போம். ராத்திரி எழுந்து மூடியைத் திறந்து பார்த்து அடிவாங்கியவன் நான்.

அப்பாவுக்கு வேலை ஏலக்காய் ஸ்டோரில். அங்கேயும் அடுப்புதான். பச்சைக்காயைத் தட்டில் பரப்பி ராத்திரி முழுக்க இதமான சூட்டில் வாட்ட வேண்டும். ஐந்து கிலோ காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். அவசரப்பட்டு விறகை அள்ளிப் போட்டால் காய் வெடிக்கும், பச்சை நிறம் வெளுக்கும், ஏலத்தில் விலை போகாது. அப்பாவின் பொறுமைக்கு நிறத்தைப் பார்த்து விலை வைத்தார்கள். அம்மாவின் பொறுமைக்கு யார் விலை வைத்தார்கள்?

கோயம்புத்தூர் கிரைண்டர் வீட்டுக்கு வந்தபோது அம்மா அதற்குக் குங்குமம் வைத்தாள். அதற்கப்புறம் இட்லி நல்லநாள் பலகாரமாக இல்லாமல் வாரம் முழுக்க வந்தது. தினம் ஒரு சட்னி, மிக்ஸி இருக்கிறதே. வாஷிங்மெஷின் வந்ததும் ஒருமுறை உடுத்தியதை அழுக்குக் கூடையில் வீசக் கற்றுக்கொண்டோம். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்: எந்திரம் வந்தும் வீட்டுப் பெண்ணின் வேலை நேரம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை, வீட்டார் எதிர்பார்ப்புதான் கூடியது என்று. எங்கள் அடுப்படியைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும்.

அதற்காக எந்திரத்தைப் பழிக்க எனக்கு மனசு வராது. 2011-இல் தமிழ்நாடு அரசு இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது சிரித்தவர்கள் உண்டு. மலைக்குக் கீழே கூடலூரில் இருக்கும் சித்தி சிரிக்கவில்லை. விடிகிற நேரத்தில் ஜீப் ஏறி மலைக்குக் காய் எடுக்க வருகிறவள் அவள். ஜீப்புக்காரன் ஹாரன் அடிப்பதற்குள் குழம்புக்கு அரைத்து முடிக்க வேண்டிய ஒருத்தியிடம் அம்மிச் சட்னியின் ருசியைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில்தான் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. 26 வருஷத்துக்குப் பிறகு செறுதோணி அணையில் ஷட்டர் திறந்தார்கள். பெரியாறு அணை 142 அடியைத் தொட்டது. மண் சரிந்து மலைச் சாலைகள் அடைபட்டன. எங்கள் வீட்டில் கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை, ஃபிரிட்ஜில் பால் திரிந்தது, போனைப் பக்கத்து வீட்டு ஜீப்பில் சார்ஜ் போட்டோம். அம்மா பின்கட்டுக்குப் போய் அம்மியைக் கழுவினாள். மிளகாய் அரைபடவே இல்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. கொத்திப் பல வருஷமாகிவிட்டது. முன்பெல்லாம் கம்பம் ஊர்ப் பக்கத்திலிருந்து அம்மி கொத்த உளியும் சுத்தியலுமாக ஒருவர் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு வருவார்.

அந்த வாரம் அந்த வழுக்கல் அம்மியில் முறைவைத்து அரைத்தோம். தம்பி, நான், எங்கள் இருவர் மனைவிமார், கல்லூரி படிக்கிற பையன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து, "தண்ணியைத் தெளி, அப்புறம் இழு" என்று அதிகாரம் செய்தாள். சாப்பாடு நேரத்துக்கு வரவில்லை. யாரும் கேட்கவுமில்லை, ஏன் தாமதமென்று எல்லோருக்கும் தெரியும்.

பொறுமை பழைய வீட்டில் நிறைய இருந்தது என்று சொல்கிறவர்கள், அது யாருடைய தோளில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலைப்பக்கம் இருப்பவர்கள் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் அம்மியைக் கொத்தி வையுங்கள். யார் யார் எந்த நாளில் அரைப்பது என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.